பச்சையம்மாள் வழி விடவில்லை

மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றிய லாரியில், மூட்டைகளுக்கு மேல் புருஷனைக் கிடத்தி, அவன் வயிற்றைத் தன் புடவைத் தலைப்பால் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடிதான் பச்சையம்மாள் முதன்முதலாகத் திருவண்ணாமலைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். எழுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். அவளுக்கு இருபத்து நாலு வயது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி இரண்டு மைல் உள்ளே போனால் அவர்கள் ஊர். காலை எட்டு மணிக்குக் கழனியில் வெட்டுப்பட்டான் சகாதேவன். லாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பதினொன்றரை. அவ்வளவு நேரமும் அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று தெரியும். ஒரு தடவை வந்ததை அவளே உள்ளே தள்ளியிருந்தாள்.

வெட்டியவன் வெளியாள் இல்லை. சகாதேவனின் பெரியப்பா மகன் பலராமன். இரண்டு வீட்டுக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. அந்த வருஷம் மழை சரியாகப் பெய்யாமல் கிணற்றில் இடுப்பளவு தண்ணீர்தான் கிடந்தது. நவரை நெல் பால் பிடிக்கிற சமயம். தங்கள் முறையன்று கிணற்று இன்ஜினை ஓடவிட்டுக் கழனிக்குப் போன சகாதேவன், கால்வாய் காய்ந்து கிடப்பதைப் பார்த்தான். மேலே நடந்து போனால், பலராமன் மடையை வெட்டித் தன் பக்கம் திருப்பிவிட்டு, மண்வெட்டியோடு நிற்கிறான்.

"இன்னாண்ணா இது? இன்னிக்கு எங்க முறையாச்சே."

"முறையாவது ஒண்ணாவது. என் பயிரு கருகுது. நாளைக்கு நீ விட்டுக்கோ."

"நாளைக்கு கெணத்துல இன்னா இருக்கும்? சேறுதான் இருக்கும்."

சகாதேவன் மடையை அடைக்கக் குனிந்தான். குனிந்த முதுகில் மண்வெட்டி இறங்கியது. புரண்டு விழுந்தவனின் வயிற்றில், இடுப்பிலிருந்து உருவிய கொடுவாள் இறங்கியது. ஒரு வெட்டு, பிறகு இன்னொன்று. கூழ்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இருபது அடி தள்ளி வரப்பில் நின்ற பச்சையம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பலராமன் அவளை நிமிர்ந்து பார்த்ததையும், கொடுவாளை நெற்பயிரில் இரண்டு பக்கமும் துடைத்ததையும், ஓடாமல் நடந்து போனதையும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம். உயரமான கூரை, எதிரும் புதிருமாக முப்பது இரும்புக் கட்டில், நாற்பத்தைந்து நோயாளிகள். மீதிப் பேர் தரையில். சர்ஜன் டாக்டர் இராமலிங்கம் சகாதேவனை மூன்று மணி நேரம் தைத்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குடல்ல நாலு எடத்துல ஓட்டை. தெச்சிருக்கேன். வேலூருக்கு எடுத்துட்டுப் போனா வழியிலயே போயிடுவான். இங்கேயே பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கம்மா. தண்ணி ஒரு சொட்டுக் கூடக் கொடுக்கக் கூடாது. நாங்க சொல்ற வரைக்கும்."

மூன்றாம் நாள் மத்தியானம் சகாதேவன் தண்ணீர் கேட்டான். உதடு வெடித்து, நாக்கு கட்டையாகி, வார்த்தை வராமல் கையால் கேட்டான். வார்டில் நர்ஸ் இல்லாத நேரம். பச்சையம்மாள் பானையிலிருந்து அரை டம்ளர் மொண்டு வந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அவன் குடித்துவிட்டு அவள் கையை ஒரு தடவை பிடித்துக்கொண்டான்.

அடுத்த நாளிலிருந்து ஜுரம். வயிறு பலகை மாதிரி ஆயிற்று. அழுகின வாடை வந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அவன் போய்ச் சேர்ந்தான். அவள் டாக்டரின் காலில் விழுந்து, தண்ணீர் கொடுத்ததைச் சொல்லி மண்ணில் முட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, "தண்ணியால இல்லம்மா, வெட்டும்போதே கழனிச் சேறு உள்ள போயிடுச்சு. அதான் சீழ் பிடிச்சது" என்றார். அவள் அதை நம்பவில்லை. வாழ்நாள் பூராவும் நம்பவில்லை.

அன்று பிரேதத்தைக் கட்டிலிலிருந்து இறக்கும்போது, சகாதேவனின் தம்பி ராஜமாணிக்கம் வார்டே அதிரக் கத்தினான். பதினெட்டு வயது அவனுக்கு. சுவரில் கையைக் குத்தி எலும்பு தெரியக் கிழித்துக்கொண்டான். "அவன ரெண்டா பொளக்காம வுட மாட்டேன் அண்ணி! எங்க அண்ணன் மேல ஆணை!" பச்சையம்மாளும் அன்றைக்கு அதைத்தான் வேண்டியிருந்தாள். அதனால் அவனைத் தடுக்கவில்லை.

கேஸ் இரண்டு வருஷம் நடந்தது. பக்கத்துக் கழனிகளிலிருந்து பார்த்த மூன்று பேரும் கோர்ட்டில் ஒன்றும் பார்க்கவில்லை என்றார்கள். பச்சையம்மாள் மட்டும் பார்த்ததைச் சொன்னாள். "செத்தவன் பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்லுவாள்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். பலராமன் விடுதலையாகிக் கழுத்தில் மாலையோடு ஊருக்குள் வந்தான். அவன் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்த அன்று மாலை, பச்சையம்மாள் ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிள்ளை குட்டி இல்லை. மாமியார் தடுக்கவில்லை. அவளுக்குத் திருவண்ணாமலையில் தெரிந்த ஒரே இடம் ஆஸ்பத்திரிதான்.

ஆண்கள் வார்டின் ஹெட் நர்ஸ் தங்கம்மாள் அவளை மறக்கவில்லை. ஒன்பது நாளும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் மூத்திரப் பாத்திரம் எடுத்து வைத்தவள் என்று ஞாபகம் இருந்தது. "ஆயா வேலை காலியா இருக்கு. ரத்தம், பீ, சீழு எல்லாம் பாக்கணும். முடியுமா?" என்று கேட்டார்.

"பாத்துட்டுதானம்மா வந்திருக்கேன்" என்றாள் பச்சையம்மாள்.

எழுபத்து நாலில் சேர்ந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனம் எல்லாம் கையில் ஒரு பாட்டிலோடு வரும். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கலர் மருந்தை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும். கார்த்திகை தீபத்தின்போது வாந்தி பேதி வந்துவிடக் கூடாதென்று ஊசிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிரசவ வார்டில் தாயும் பிள்ளையுமாகக் கலகலப்பாக இருக்கும். ஆனால் பச்சையம்மாளுக்குக் கிடைத்தது அதில் எதுவுமில்லை. வெட்டு, குத்து, எரிப்பு, நசுக்கல் எல்லாம் வந்து சேருகிற இடம் அவளுடைய வார்டும் அதை ஒட்டிய கட்டுக்கட்டும் அறையும்தான்.

கட்டுக்கட்டும் அறையில் டிரெஸ்ஸர் கவுஸ் பாஷா தன் ராஜாங்கத்தை நடத்தினார். ஐம்பதை நெருங்கியவர். மருதாணி போட்ட தாடி, வெற்றிலைக் கறை படிந்த பல், அசையாத கை. மயக்க மருந்து தட்டுப்பாடான நாட்களில் பச்சையாகத்தான் தைக்க வேண்டும். அலறுகிறவனைப் பார்த்து, "ரத்தம் கம்மியாதான் போயிருக்கு, சத்தம் ஏன் ஜாஸ்தி போடற?" என்று கேட்டுக்கொண்டே ஊசியை இழுப்பார். தலையைப் பிடிப்பது பச்சையம்மாளின் வேலை. தாடையை உள்ளங்கையில் ஏந்தி, நெற்றியை முழங்கையால் அழுத்தி, ஆள் எவ்வளவு திமிறினாலும் அசையாமல் பிடிக்க அவள் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டாள். செங்கம் ரோட்டில் பஸ் கவிழ்ந்த அன்று ஒரே பகலில் பதினாறு தலைகளைப் பிடித்தாள். காளை முட்டிக் குடல் சரிந்தவன், கரும்பு ஆலையில் கை போனவன், லாட்ஜில் சீட்டாட்டத் தகராறில் பாட்டிலால் கிழிபட்டவன் என்று எல்லாரும் அவள் கைக்குள் கிடந்து கத்திவிட்டுப் போனார்கள். ரத்தக் கறை படிந்த கட்டுத் துணிகளைச் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்திச் சுருட்டி, மறுபடி கொடுப்பாள். துணி பழுப்பாகிவிடுமே தவிர, வெள்ளையாகாது.

அவளுக்குள்ளும் ஒரு மூர்க்கம் இருந்தது. எழுபத்தெட்டில் ஒருத்தன், தன் பெண்டாட்டி மேல் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று சேர்த்துவிட்டுப் போனான். இரண்டாம் நாள் குடித்துவிட்டு வந்து, போலீசிடம் என்ன சொன்னாய் என்று அந்தப் பெண்ணின் எரிந்த கையைப் பிடித்து முறுக்கினான். உரிந்த தோல் அவன் கையோடு வந்தது. அலறல் கேட்டுப் பெண்கள் வார்டுக்குள் ஓடிய பச்சையம்மாள், கட்டிலுக்கடியில் கிடந்த இரும்பு மலப்பாத்திரத்தை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்தது. விழுந்த பிறகும் அடித்தாள். நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரிக்க முடிந்தது. அவன் மூக்கைத் தைக்கும்போது தலையைப் பிடித்ததும் அவள்தான். வேறு ஆள் இல்லை. மேலதிகாரி மெமோ கொடுத்தார். அவள் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டாள்.

எண்பத்தொன்று சித்திரையில், ஒரு திங்கட்கிழமை, ஓ.பி. கூட்டம் நெரிகிற பதினோரு மணிக்கு ஒரு டிராக்டர் டிரெய்லர் வாசலில் வந்து நின்றது. வைக்கோல் பரப்பி அதன்மேல் ஒரு ஆள். வைக்கோல் முழுக்கச் சிவப்பு. ஸ்டிரெச்சரில் தள்ளி வந்து மேஜையில் போட்டார்கள். இடது கை முழங்கைக்குக் கீழே ஒரு பட்டைச் சதையில் தொங்கியது. தலையில் ஒரு வெட்டு, வயிற்றில் ஒரு குத்து. முகத்தை மூடியிருந்த துண்டை பச்சையம்மாள் விலக்கினாள்.

பலராமன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முதுகு இடிக்க நின்றாள்.

"தலையப் புடி!" என்றார் கவுஸ் பாஷா. அவள் அசையவில்லை. "பச்சையம்மா! காது கேக்குதா?"

"பாய், இவன்தான்."

"எவன்?"

"என் புருஷனைக் கொன்னவன்."

கவுஸ் பாஷா ஒரு கணம் அவளையும் மேஜையில் கிடந்தவனையும் பார்த்தார். கையில் பிடித்திருந்த ரத்தக் குழாயை விடவில்லை. "சரி," என்றார். "அவன் பொழச்சப்புறம் இன்னா வேணா பண்ணு. இப்ப தலையப் புடி. ரத்தம் பீச்சுது."

அவள் வந்து பிடித்தாள். உள்ளங்கையில் அவன் தாடை. ஒன்பது வருஷத்தில் நரைத்திருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். யாரென்று தெரிந்ததும், திமிறுகிற உடம்பு சட்டென்று அடங்கிப் போயிற்று. வெட்டுக்குப் பயந்ததைவிட அவள் கைக்குப் பயந்தான்.

டாக்டர் இராமலிங்கம் கையைக் காப்பாற்ற முடியாமல் முழங்கையோடு எடுத்தார். வயிற்றைத் திறந்து தைத்தார். வெட்டியது யாரென்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ராஜமாணிக்கம். அதே கிணற்றடியில், அதே மடையருகில் வைத்து வெட்டிவிட்டு, செத்தான் என்று நினைத்துப் போயிருந்தான். போலீஸ் அவனைத் தேடியது.

பலராமனுக்கு ஏழாம் நம்பர் கட்டில். பக்கத்தில் அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாள். பட்டாசு வெடித்த அன்று வாசலில் ஆரத்தி எடுத்தவள். இப்போது பச்சையம்மாள் வரும்போதெல்லாம் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வாள். பச்சையம்மாள் பேசாமல் மூத்திரப் பாத்திரத்தை எடுத்தாள். பேசாமல் விரிப்பை மாற்றினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பலராமன் தண்ணீர் கேட்டான்.

ரேணுகாம்பாள் பழம் வாங்க வெளியே போயிருந்தாள். நர்ஸ் ஊசி போட அடுத்த கோடிக்குப் போயிருந்தார். உதடு வெடித்து, நாக்கு கட்டையாகி, ஒற்றைக் கையால் கேட்டான். "தாயே... ஒரு வாய்... உனக்குப் புண்ணியமா போவும்."

பச்சையம்மாள் பானைக்குப் போனாள். டம்ளர் நிறைய மொண்டாள். அரை டம்ளர் இல்லை, முழு டம்ளர். கட்டிலுக்கு வந்து, அவன் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கினாள். டம்ளரை உதட்டருகில் கொண்டுபோனாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாள் என்றுதான் சொல்வார்கள். அவன் கழுத்து நரம்பு அவள் விரலடியில் துடித்தது. உதட்டைக் குவித்து, எட்டாத டம்ளருக்கு எம்பினான்.

அப்போது ரேணுகாம்பாள் திரும்பி வந்துவிட்டாள். பார்த்ததும் பழத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "எங்க குலதெய்வமே நீதாம்மா!" என்று அழுதாள்.

பச்சையம்மாள் டம்ளரை வெடுக்கென்று இழுத்ததில் தண்ணீர் பாதி அவன் மார்பில் சிந்தியது. மீதியை ஜன்னல் வழியே வீசினாள். பஞ்சை நனைத்து அவன் உதட்டில் நாலு தடவை ஒற்றினாள். "வயித்துல தையல் இருக்குது. தண்ணி குடுத்தா செத்துடுவான். யாரு குடுத்தாலும் வாங்காத. நான் குடுத்தாலும் வாங்காத" என்று ரேணுகாம்பாளிடம் சொல்லிவிட்டு வெளியே போய், துணி வேகிற அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

ஆறாம் நாள், பார்வையாளர் நேரம். சாயங்காலம் நாலு மணி. சொந்தக்காரர்கள் தூக்குப் போசியும் ரொட்டிப் பொட்டலமுமாக வந்துகொண்டிருந்தார்கள். ஏழாம் கட்டிலுக்குக் காவல் இருந்த போலீஸ்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். வார்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள் நிமிர்ந்தபோது, படியேறி மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் தலையில் துண்டை முக்காடு போட்டிருந்தான். கையில் பிளாஸ்க். நடையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சகாதேவனின் நடை அப்படியே.

"ராஜமாணிக்கம்."

அவன் நின்றான். "வழி வுடு அண்ணி."

"போலீசு தேடுது. போயிடு."

"ரெண்டு நிமிசம். முடிச்சிட்டு நானே போயி சரண்டர் ஆயிடறேன்."

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கதவின் இரண்டு நிலையையும் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்க வேணாம். உள்ள நாப்பது பேரு படுத்துனு கீறாங்க. எழுந்து ஓட முடியாதவங்க."

"அண்ணி, நீயா இப்படிப் பேசற? அண்ணன் இதே எடத்துல செத்தான். நீதான் பக்கத்துல இருந்த."

"ஆமா. நான்தான் இருந்தேன். வழி வுட மாட்டேன்."

பின்னால் நின்ற இருவரில் ஒருவன் முன்னால் வந்து அவளை நெஞ்சில் உதைத்தான். அவள் உள்ளே போய் மல்லாக்க விழுந்தாள். பிளாஸ்க் கீழே விழுந்து உடைந்தது. ராஜமாணிக்கத்தின் சட்டைக்கடியிலிருந்து கொடுவாள் வெளியே வந்தது. வார்டு அலறியது. நடக்க முடிந்தவர்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். முடியாதவர்கள் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தார்கள். குளுக்கோஸ் பாட்டில்கள் தரையில் மோதிச் சிதறின. ரேணுகாம்பாள் புருஷன் மேல் குப்புற விழுந்து மூடினாள். ஒருவன் அவளை மயிரைப் பிடித்து இழுத்து எறிந்தான். பலராமன் ஒற்றைக் கையால் கட்டில் கம்பியைப் பிடித்துத் தரைக்கு நழுவி, அடியில் புகப் பார்த்தான். வயிற்றுத் தையல் பிரிந்து, கட்டெல்லாம் ரத்தம் பரவியது.

ராஜமாணிக்கம் கட்டிலை ஒரு கையால் கவிழ்த்தான். கொடுவாளை ஓங்கினான்.

பச்சையம்மாள் எப்படி எழுந்தாள், எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகம் இல்லை. கையில் குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பம் இருந்தது. அதைக் குறுக்கே நீட்டினாள். கொடுவாள் கம்பத்தில் பட்டு வழுக்கி, அதைப் பிடித்திருந்த அவள் இடது கையில் இறங்கியது. வலி தெரியவில்லை, கை சூடானது மட்டும் தெரிந்தது. ராஜமாணிக்கம் தன் அண்ணியின் கையிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "அய்யோ, அண்ணி..." என்றான். அவள் அந்தக் கம்பத்தை ஒற்றைக் கையால் சுழற்றி அவன் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவனின் கொடுவாள் கை மேல் ஏறி நின்றாள்.

அதற்குள் கட்டுக்கட்டும் அறையிலிருந்து கவுஸ் பாஷா ஊசி வேகவைக்கிற பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கி வந்து மற்ற இருவர் மேலும் ஊற்றினார். ஒருவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டான். இன்னொருவன் ஓடிப்போய் வாசலில் ஜனத்திடம் மாட்டிக்கொண்டான். சாயங்கால ஓ.பி.யில் நின்ற கூட்டம் அவனைச் செருப்பாலும் பாட்டிலாலும் அடித்ததில், போலீஸ் வரும்போது அவனும் கட்டிலுக்கு வேண்டிய ஆளாகிவிட்டான்.

கவுஸ் பாஷா பச்சையம்மாளை மேஜையில் உட்காரவைத்துக் கையைத் தைத்தார். மயக்க மருந்தெல்லாம் வயிறு பிரிந்த பலராமனுக்கு வேண்டியிருந்தது. "கத்தணும்னா கத்து" என்றார். அவள் கத்தவில்லை. பதினெட்டாவது தையலில், "முழங்கால் கூடிடுமா பாய்?" என்று கேட்டாள். "யாருக்கு?" என்றார். "என் கொழுந்தனுக்கு." அவர் நூலை வெட்டிவிட்டு, முதன்முறையாக அவள் எதிரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

மறுபடியும் கோர்ட். ஊரிலிருந்து மாமியாரும் உறவுக்காரர்களும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து மண்ணை வாரி இறைத்தார்கள். "புருஷனைக் கொன்னவனைக் காப்பாத்தி, கொழுந்தனை ஜெயிலுக்கு அனுப்பறியே, நீ வெளங்குவியா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். யாரென்று தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ராஜமாணிக்கத்தின் வக்கீல் ஆள் அனுப்பினார். பச்சையம்மாள் கூண்டில் ஏறி, பார்த்ததைச் சொன்னாள். "உங்களுக்கு இவர் மேல் விரோதமா?" என்று கேட்டார் வக்கீல். "இல்லீங்க. இவனுக்குச் சோறு போட்டு வளத்தவ நான். அன்னிக்கும் பாத்ததைச் சொன்னேன், யாரும் நம்பல. இன்னிக்கும் பாத்ததைச் சொல்றேன்" என்றாள். ராஜமாணிக்கத்துக்கு ஏழு வருஷம் கிடைத்தது.

பலராமன் பிழைத்துக்கொண்டான். ஒரு வருஷம் கழித்து, வயிற்றில் குடலிறக்கம் என்று ஓ.பி. வரிசையில் வந்து நின்றான். பச்சையம்மாளைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்து, ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து, "அம்மா, என் உசுரு நீ போட்ட பிச்சை. அன்னிக்கு உன் புருஷனை நான் வேணும்னு வெட்டல. இருட்டு மாதிரி கண்ணை மறைச்சிடுச்சு..." என்று ஆரம்பித்தான்.

அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். நல்ல கையால், முழு பலத்தோடு. அவன் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கொடுவாளை நெல்லுல தொடைச்ச. ரெண்டு பக்கமும் தொடைச்ச. நடந்து போன, ஓடல. நான் பாத்தேன். வேணும்னுதான் வெட்டின. சொல்லு."

நூறு பேர் நின்றிருந்தார்கள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. பலராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா. வேணும்னுதான் வெட்டினேன்" என்றான்.

கோர்ட்டில் இரண்டு வருஷம் அவன் வாயிலிருந்து வராத சொல் அது. கேட்டதும் பச்சையம்மாள் பெஞ்சியில் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, "வரிசையில போயி நில்லு" என்று அவனை அனுப்பிவிட்டு வார்டுக்குப் போனாள்.

வேலூர் ஜெயிலுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை போனாள். முதல் மூன்று தடவை ராஜமாணிக்கம் அவளைப் பார்க்க வரவில்லை. நாலாவது தடவை நொண்டிக்கொண்டு வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"கை எப்பிடி இருக்குது?"

"ரெண்டு வெரலு மடங்காது. உன் காலு?"

"மழை வந்தா நோவும்." கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான். "வெளிய வந்தா அவன வுட மாட்டேன் அண்ணி. சொல்லிட்டேன்."

"வெட்டு. அவனையும் என் வார்டுக்குத்தான் தூக்கினு வருவாங்க. உன்னையும் அங்கதான் தூக்கினு வருவாங்க. ரெண்டு பேரு தலையையும் நான்தான் புடிக்கணும்."

ராஜமாணிக்கம் திரும்பி நொண்டிக்கொண்டே உள்ளே போனான். ஆனால் அடுத்த தடவை அவள் போனபோது, முன்னாலேயே வந்து வலையருகில் நின்றிருந்தான்.

எண்பத்தேழில் வெளியே வந்தான். அதற்குள் பலராமன் தன் பங்கை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் போயிருந்தான். ராஜமாணிக்கம் தேடிப் போகவில்லை. வேங்கிக்காலில் ஒரு மரவாடியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டான். கல்யாணத்துக்குப் பச்சையம்மாளை மாமியார் அழைக்கவில்லை. மறுநாள் அவனே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். பச்சையம்மாள் அப்போது, எருமை மிதித்த ஒரு கிழவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கவுஸ் பாஷா ஓய்வு பெற்ற பிறகு வந்த புது டிரெஸ்ஸருக்குக் கை இன்னும் வேகம் போதவில்லை; பதினோரு தையலுக்கு அரை மணி நேரமாயிற்று. அதுவரை புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வராந்தாவில் நின்றார்கள். அவள் வெளியே வந்து, கையைக் கழுவி, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இருவரையும் கான்டீனுக்கு அழைத்துப் போனாள்.